தில்லி குடித்த தண்ணீர் - 1955

தில்லிக்கு மாற்றல் வந்தபோது, "மூணு வருஷம்தாம்மா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள திரும்பிடுவேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினேன். இது எட்டாவது வருடம். வங்கி வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

குடிவந்த மறுநாளே ஆர்.ஓ. மெஷின் விற்பவர் கதவைத் தட்டினார். பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி, டிடிஎஸ் எவ்வளவு பாருங்கள் என்று பயமுறுத்தினார். தங்கமணி முகத்தைப் பார்த்தேன், செக் புத்தகத்தை எடுத்தேன். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, கிருமிகளைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. பி.காம். பாடத்திட்டத்தில் அதெல்லாம் கிடையாது :-)

இந்தப் பதிவு அந்த மீட்டரைப் பற்றி அல்ல. ஆனால் விஷயம் கிட்டத்தட்ட அதேதான். எதை அளக்கிறோம், அது சரியாக இருந்தால் எதுவரை நம்பலாம் என்பதுதான்.

சில வருடங்களுக்கு முன் மழைக்காலம் முடிந்த நேரம், எங்கள் குடியிருப்பில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. நான் அப்போது சங்கத்தின் பொருளாளர். (வங்கிக்காரன் என்றால் எல்லாச் சங்கத்திலும் இந்தப் பதவியைத் தலையில் கட்டிவிடுவார்கள்.) தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். நாலு நாளில் ரிப்போர்ட் வந்தது. கோலிஃபார்ம் இல்லை, திருப்திகரம், முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருந்தது. இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஃபைலில் போட்டு, ஒன்றை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

கீழ்த்தளத்தில் ஒரு மதுரைக் குடும்பம். அவர்கள் ஆர்.ஓ. வாங்கவில்லை, பானைத் தண்ணீர்தான். காமாலைச் செய்தி கேட்டதிலிருந்து காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் என்னிடம் வந்து, "ரிப்போர்ட்டு நல்லா வந்திருச்சாமே சார், இனிமே காய்ச்ச வேணாம்ல?" என்று கேட்டார். "பயப்படாதீங்க சார், தண்ணி சுத்தமா இருக்கு" என்றேன். அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அடுத்த மாதம் அவருடைய மருமகளுக்குக் காமாலை வந்தது. ஆறு மாத கர்ப்பிணி.

அந்தப் பெண் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பதினோரு நாளும் நான் கீழ்த்தளத்தைத் தாண்டும்போது செருப்புச் சத்தம் கேட்காமல் போகப் பழகிக்கொண்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அப்போதுதான் கரோல் பாகில் வளர்ந்த எங்கள் மாமியின் நினைவு வந்தது. உறவு இல்லை. தில்லியில் தமிழ் பேசும் மூத்த பெண்மணிகள் எல்லோரும் நமக்கு மாமிதானே. அவர் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. அதிலிருந்து பிடித்த தண்ணீரையும் காய்ச்சித்தான் குடிப்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஏன் மாமி என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன்.

"எனக்கு அப்ப ஏழு வயசு. குளிர் காலம். சித்தப்பாவுக்குக் காமாலை வந்துடுத்து. பக்கத்து வீட்டுல ரெண்டு பேர், எதிர் வீட்டுல ஒருத்தர். கீழாநெல்லிக்கு தில்லில எங்க போறது? கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ்ல வந்த யாரோ கொண்டு வந்து குடுத்தா. அங்கீட்டி ஒண்ணு சமையலுக்கு, இன்னொண்ணு தண்ணி காய்ச்சறதுக்குன்னே தனியா வெச்சா எங்கம்மா. ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிவரைக்கும் புரியலைப்பா. அதே தண்ணியைத்தானே நாங்க குழந்தைகள் அஞ்சு பேரும் குடிச்சோம்? எங்களுக்கு ஏன் வரலை? இருபத்திநாலு வயசு, குஸ்தி போடற உடம்பு, அவரைப் போய் ஏன் பிடிச்சுது?"

மாமியின் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் 1955ஆம் வருடத்துத் தில்லிக்குள் நுழைந்தேன்.

அன்றைய தில்லிக்குத் தண்ணீர் கொடுத்தது, நகரத்தின் பல உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொதுவாக இருந்த ஒரு கூட்டு நீர் வாரியம். (இன்றைய தில்லி ஜல் போர்டு 1998ல் வந்தது.) வடக்கே வஜீராபாதில் யமுனையிலிருந்து தண்ணீரை எடுப்பார்கள். படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து ஊருக்கு அனுப்புவார்கள். தண்ணீர் எடுக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் யமுனையில் கலக்கிறது. ஒரு காலத்தில் சாஹிபி நதியின் வெள்ளத்தை வடித்த வாய்க்கால், நகரம் வளர வளர சாக்கடையாகிவிட்டது. சாக்கடை கீழே, தண்ணீர் எடுப்பது மேலே. ஆறு மேலிருந்து கீழே ஓடும்வரை பிரச்னை இல்லை.

1955 மழைக்காலத்தில் பெருவெள்ளம். வெள்ளம் வடிந்தபோது யமுனை தன் ஓட்டத்தை மாற்றிக்கொண்டு, தண்ணீர் எடுக்கும் கரையை விட்டு விலகிப் போயிருந்தது. கரையோரம் ஓட்டம் குறைய, வாய்க்காலின் கழிவுநீர் மேல்நோக்கி ஏறி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. நவம்பர் நடுவில் சுமார் ஒரு வாரம் நிலைமை மிக மோசம். எடுத்த தண்ணீரில் பாதிவரை கழிவுநீர் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு கணக்கிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, அங்கே வேலை பார்த்தவர்கள் தூங்கிவிடவில்லை. எடுக்கும் தண்ணீரில் குளோரைடும் அம்மோனியாவும் ஏறியதை அவர்கள் பரிசோதனை காட்டியது. கழிவுநீர் கலக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். படிகாரத்தைக் கூட்டினார்கள், குளோரினைக் கூட்டினார்கள். சுத்திகரித்து வெளியே வந்த தண்ணீரில் பாக்டீரியா பரிசோதனை பெரும்பாலும் திருப்திகரமாகவே இருந்தது. அவர்கள் பார்த்தது சரிதான் என்பதற்கு ஊரே சாட்சி. அந்தக் குளிர்காலத்தில் தில்லியில் டைஃபாய்டு கூடவில்லை, வயிற்றுக்கடுப்பும் கூடவில்லை. பாதி சாக்கடையான தண்ணீரைக் குடித்த ஊரில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் டிசம்பர் பிறந்ததும் காமாலை ஆரம்பித்தது. 1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி 20 தேதி வாக்கில் வரை, ஏழு வாரத்தில், கண் மஞ்சளான நோயாளிகள் மட்டும் சுமார் 29,300 பேர். மஞ்சள் தெரியாமல் நோய் வந்து போனவர்களையும் சேர்த்தால் ஒரு லட்சத்தை நெருங்கும் என்று மதிப்பிட்டார்கள். அதற்கு நாலு வருடம் முன்பு எடுத்த 1951 கணக்கெடுப்பில் தில்லியின் மொத்த மக்கள்தொகையே சுமார் 17 லட்சம்தான்.

தண்ணீர் கெட்டது நவம்பரில், நோய் வந்தது டிசம்பரில். இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய சராசரியாக ஐந்து ஆறு வாரம் ஆகும். கண் மஞ்சளாகி டாக்டரிடம் போன நாளில் கெட்ட தண்ணீர் எப்போதோ ஓடிப் போய்விட்டது. அன்றைக்குக் குழாயில் பிடித்துப் பரிசோதித்தால் எல்லாம் சுத்தம் என்றுதான் வரும். இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். லிஃப்ட் பக்கத்தில் நான் ஒட்டிய காகிதமும் அப்படித்தான், காமாலை வந்த பிறகு பிடித்த தண்ணீரைப் பற்றியது.

வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் ஆர். விஸ்வநாதன் இந்தத் தொற்றை ஆராய்ந்து 1957ல் வெளியிட்டார். நோய் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருந்தவர்களைத் தாக்கியிருந்தது, குழந்தைகளை அவ்வளவாகத் தொடவில்லை. கர்ப்பிணிகளிடம் மட்டும் மற்றவர்களைவிட இறப்பு பல மடங்கு அதிகம். இரண்டையும் பதிவு செய்து வைத்தார்கள். காரணம் அன்றைக்குப் பிடிபடவில்லை.

பிடிபட கால் நூற்றாண்டு ஆனது. காஷ்மீரில் 1978ல் தண்ணீர் வழியாக ஒரு பெரிய காமாலைத் தொற்று. அதை ஆராய்ந்த டாக்டர் எம்.எஸ். குரூ, இது அதுவரை தெரிந்த ஏ, பி வகைகளில் எதுவுமே இல்லை என்று 1980ல் எழுதினார். அதே 1980ல், 1955 தில்லித் தொற்றின்போது எடுத்துப் பாதுகாத்த ரத்த மாதிரிகளையும் வேறொரு குழு பரிசோதித்தது. அதுவும் ஏ வகை இல்லை. 1983ல் பலயான் என்ற சோவியத் விஞ்ஞானி, நோயாளிகளின் மலத்திலிருந்து தயாரித்ததைத் தானே குடித்து, காமாலையை வரவழைத்துக்கொண்டு, அந்த வைரஸை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். (நம் ஆடிட்டர்கள் யாரும் இந்த அளவுக்குப் போனதில்லை.) பிற்பாடு அதற்கு ஹெபடைடிஸ் ஈ என்று பெயர் வந்தது.

மாமியின் கேள்விக்கு அங்கேதான் பதில். குழந்தைகளின் உடம்பில் இந்த வைரஸ் பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் வந்து போய்விடும். இளவயதுப் பெரியவர்களைத்தான் படுக்க வைக்கும். கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து. போய்ச் சொன்னேன். மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ எங்களுக்கும் வந்துதான் இருக்குமோ?" என்றார். இருக்கலாம் மாமி என்றேன்.

சரி, பரிசோதனை சரியாக இருந்தும் நோய் ஏன் தப்பியது? இங்கே எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ப்ளஸ் டூவில் தமிழ் மீடியத்தில் வணிகவியல் படித்தவர்களுக்கு 'இருப்பாய்வு' நினைவிருக்கும். அதாவது டிரையல் பேலன்ஸ். பற்றும் வரவும் ஒத்துப் போய்விட்டால் கணக்கு சரி என்று சந்தோஷப்படுவோம். உடனே வாத்தியார் அடுத்த பாடத்தை எடுப்பார், இருப்பாய்வு காட்டிக்கொடுக்காத பிழைகள் என்று. விடு பிழை, ஈடுசெய் பிழை, விதிப் பிழை... ஒரு பரிவர்த்தனையை மொத்தமாக எழுதாமலே விட்டிருந்தால், இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். எழுதாத ஒன்றை அது எப்படிக் காட்டும்?

கோலிஃபார்ம் பரிசோதனையும் ஓர் இருப்பாய்வுதான். ஈ.கோலை என்ற பாக்டீரியாவை 1885ல் எஷரிக் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். மனிதக் குடலில் சாதாரணமாக வாழ்வது. பெரும்பாலும் அது நோய் தருவதில்லை. தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியாகத் தேட முடியாது என்பதால் இந்த ஒரு சாட்சியைத் தேடுகிறார்கள். நல்ல ஏற்பாடு, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய ஏற்பாடு. ஆனால் குளோரின் போட்டதும் இந்தச் சாட்சி சீக்கிரம் செத்துவிடும். வைரஸ் அதைவிடத் தாக்குப்பிடிக்கும். சாட்சி இல்லை என்பதால் குற்றம் நடக்கவில்லை என்று எழுதிவிடுகிறோம்.

அம்மோனியா இன்னொரு வேலையும் செய்கிறது. அது குளோரினோடு சேர்ந்து குளோரமைனாகிவிடும். அதற்குக் கிருமியைக் கொல்லும் வலு மிகக் குறைவு. கழிவுநீர் நிறைந்த தண்ணீரில் குளோரினைக் கொட்டினாலும், கொட்டியதில் பெரும்பகுதி இப்படியே செலவாகிவிடும். பெட்டியில் போட்ட பணம் எவ்வளவு என்பதைவிட, எல்லாக் கடனும் போக மிச்சம் எவ்வளவு என்பதுதானே முக்கியம்? தண்ணீரிலும் அதுதான். மிச்சக் குளோரின் எவ்வளவு, எவ்வளவு நேரம் தண்ணீரோடு இருந்தது, தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தது, இந்த மூன்றும் வேண்டும்.

தில்லி இந்தப் பாடத்தை ஓரளவு படித்தது. 1959ல் வஜீராபாதில் தடுப்பணை வந்தது. குடிநீர் எடுப்பது அணைக்கு மேலே, நஜஃப்கர் வாய்க்கால் கலப்பது அணைக்குக் கீழே. 1955ல் உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசக் குடிநீர்த் தரம்கூட இல்லை, அது 1958ல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கையேடு 1962ல் வந்தது. பிறகு 1983ல் ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரம், 1991லும் 2012லும் திருத்தங்கள். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது அது. மிச்சக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். அதற்குப் பக்கத்திலேயே, வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு வேண்டுமானால் 0.5 மில்லிகிராம் என்று ஒரு வரி. 2012 திருத்தத்தில் வைரஸுக்கென்றே ஒரு சாட்சியையும் சேர்த்தார்கள், எம்.எஸ்.2 ஃபேஜ், ஒரு லிட்டரில் இருக்கக் கூடாது. அந்த 0.5 என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1955 தில்லிதான் தெரிகிறது. எல்லா விதிப் புத்தகத்திலும் இப்படித்தான். ஒவ்வொரு உபவிதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு கிளையில் நடந்த ஒரு சம்பவம் இருக்கும்.

ஆனால் விதி எழுதியதோடு நோய் நிற்கவில்லை. அகமதாபாதில் 1975-76ல், கான்பூரில் 1991ல் திரும்ப வந்தது. கான்பூரில் மட்டும் சுமார் 79,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். பாட்டில் தண்ணீருக்கு 2001ல் தரச் சான்று கட்டாயமானது. குழாய்த் தண்ணீருக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. 2019 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு மாநிலத் தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்த முடிவு வெளியானது. மும்பையின் பத்து மாதிரிகளும் தேறின. தில்லியில் எடுத்த பதினொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. சென்னையிலும் ஒன்றும் தேறவில்லை. தில்லி அரசு முடிவை ஏற்காமல் மறுத்துப் பேசியது. டிவியில் இரண்டு பக்கமும் சண்டை போட்டார்கள், எந்த வீட்டுக் குழாயில் எந்த நேரத்தில் பிடித்தீர்கள் என்று. எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு என்னவோ கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று தோன்றியது.

ஏனென்றால் எங்கள் ரிப்போர்ட்டை அதே கேள்வியோடு திரும்ப எடுத்துப் பார்த்தேன். மாதிரி எடுத்த தேதி இருந்தது. அதற்கு முந்தின நாள் எங்கள் சங்கத்தின் வவுச்சரில் ஒரு செலவு, பிளீச்சிங் பவுடர். கையெழுத்து என்னுடையது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் முந்தின நாள் கிளையில் எல்லாக் கட்டையும் அடுக்கி வைப்போமே, அதுபோல நல்ல எண்ணத்தோடுதான் தொட்டியில் மருந்தைக் கொட்டிவிட்டு, மறுநாள் அந்தத் தொட்டித் தண்ணீரையே பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். பரிசோதனைக் கூடத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை. கொடுத்ததைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள். ஒரு நாள், ஒரு வேளை, ஒரு தொட்டி. அதை வைத்துக்கொண்டு நான் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிறகு பிளம்பரை வைத்துத் தோண்டிப் பார்த்தோம். எங்கள் குடிநீர்க் குழாய், சாக்கடைத் தொட்டியை ஒட்டிப் போகும் இடத்தில் துருப்பிடித்து ஓட்டை. தண்ணீர் வரும் நேரத்தில் ஓட்டை வழியாக வெளியே கசியும். நின்ற நேரத்தில்? பல வீடுகளில் லைனிலேயே நேராக டுல்லு பம்ப் மாட்டியிருந்தார்கள். தில்லியில் இருப்பவர்களுக்குத் தெரியும், அழுத்தம் இல்லாத குழாயிலிருந்து உறிஞ்சி இழுக்கும் சின்ன மோட்டார். அது தண்ணீரை மட்டும் இழுக்காது, ஓட்டைக்கு வெளியே நிற்பதையும் இழுக்கும். நஜஃப்கர் வாய்க்கால் அன்று ஆற்றில் செய்ததை, நாங்கள் எங்கள் வாசலிலேயே மோட்டார் வைத்துச் செய்துகொண்டிருந்தோம்.

குழாயை மாற்றினோம். டுல்லு பம்புகளைக் கழற்ற வைப்பதற்குள் எனக்கு இரண்டு நண்பர்கள் குறைந்தார்கள், பரவாயில்லை. இப்போது வாரம் இருமுறை, சொல்லாத நேரத்தில், தொட்டியில் அல்லாமல் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து மிச்சக் குளோரின் பார்க்கிறோம். சின்ன டப்பா, இரண்டு சொட்டு மருந்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகாது. நோட்டில் தேதி, நேரம், வீட்டு எண், அளவு. பூஜ்யம் வந்தால் அன்றைக்கே எல்லோரும் காய்ச்ச வேண்டும் என்று அறிவிப்பு. நோய் வந்த பிறகு பார்க்கும் கணக்கு வேறு, தினசரிக் கணக்கு வேறு என்பது எனக்கு ஆபீசில் தெரிந்திருந்தது. வீட்டில் தெரிய இவ்வளவு நாள் ஆனது.

உங்கள் குடியிருப்பில் யாராவது தண்ணீர் ரிப்போர்ட்டை நீட்டினால், 'திருப்திகரம்' என்ற வார்த்தையைக் கடைசியில் படியுங்கள். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, முந்தின நாள் என்ன செய்தார்கள், எதைப் பார்க்கவில்லை, இந்த நாலையும் முதலில் கேளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும் சரி, நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

கீழ்த்தளத்துப் பெரியவரிடம் இதையெல்லாம் ஒருநாள் சொல்லி முடித்தேன். வவுச்சர் விஷயம் உட்பட. கேட்டுவிட்டு, "நீங்க வேணும்னு செஞ்சீங்களா சார்?" என்றார். பேத்தியை என் மடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்க் காபி கொண்டு வந்தார். காய்ச்சிய தண்ணீரில் போட்ட காபி என்பதைச் சொல்லிக் கொடுத்தார்.

மாமி இப்போதும் ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறார். நாங்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டோம்.